தலைக்கு மேலே ஒரு சத்தம்

கம்பம் பள்ளத்தாக்கில் எலிகாப்டர் சத்தம் கேட்டால் நம்ம சனம் இரண்டே கேள்விதான் கேட்கும். "எந்தத் தலைவர் வர்றாரு?" இல்லேன்னா, "மலையில என்ன ஆச்சு?" நமக்காக வந்திருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. இரைச்சலைப் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறேன்.

ஆண்டிப்பட்டி முதல்வர்களைத் தந்த தொகுதி. 1984இல் எம்.ஜி.ஆர்., 2002இல் ஜெயலலிதா. ஜெயலலிதா எலிகாப்டரில் பறந்து ஓட்டுக் கேட்டது ஊரறிந்த கதை. எலிகாப்டர் இறங்க, மின்கம்பி குறுக்கிடாத வெட்டவெளி வேண்டும். அது ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். ஊருக்கு வெளியே இருப்பது யார்? சேரியும் காலனியும்தானே! இறக்கை சுழன்று காற்றை அறையும் 'தப தப' சத்தம் கனத்த சத்தம். கதவைச் சாத்தினாலும் நிற்காது. தகரக் கூரையையும் சேர்த்து அதிரவைக்கும். தொழுவத்தில் மாடு மிரளும், தொட்டிலில் பிள்ளை வீறிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. அளக்கும் கருவியோடு ஒரு அதிகாரி காலனிக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

2018 மார்ச் 11 அன்று போடி பக்கம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். விமானப்படை எலிகாப்டர்கள் வந்தன. வரத்தான் வேண்டும், அந்தச் சாவுகள் நமக்கும் துக்கம்தான். ஆனால் எலிகாப்டருக்கு முன்னே மேலே ஏறி, வெந்து கிடந்தவர்களைச் சுமந்து இறக்கியதில் மலைக்கிராமத்துச் சனங்களும் இருந்தார்கள். அதே மாவட்டத்தில், அகமலைப் பக்கத்து ஊர்களில், நோயாளியை டோலி கட்டிச் சுமந்ததும் இந்த நூற்றாண்டில்தான். டோலிக்குச் சத்தமில்லை. அதனால் கோட்டைக்குக் கேட்கவில்லை.

மாணவத் தோழர்களே, அடுத்த தேர்தலுக்கு எலிகாப்டர் வரும்போது வேடிக்கை பார்த்து நிற்காதீர்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் இரைந்தது, எத்தனை வீடு, என்ன சேதம் என்று எழுதுங்கள். கலெக்டரிடம் மனுவாகக் கொடுங்கள். இறங்குதளத்தைக் காலனியை ஒட்டிப் போடாதே. போட்டால் முன்கூட்டிச் சொல், சத்தத்தை அள, சேதத்துக்கு ஈடு கொடு. மலையூர்களுக்குச் சாலை போடு. சாலை வரும்வரை, பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தால் அந்த எலிகாப்டரை அனுப்பு.

காலமெல்லாம் நம்ம தலைக்கு மேலே பறக்கிறது, ஒருநாளாவது நமக்காக இறங்கட்டும்.