பட்டு என்று சொல்லித் தருவதெல்லாம் பட்டா?

நமது புடைவைக் கடைகளில் ‘ஆர்ட் சில்க்’ என்ற சொல்லுக்கு நல்ல மதிப்பு. கலைநயம் மிக்க பட்டு என்றே பலர் அதை விளங்கிக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த ‘ஆர்ட்’, ‘ஆர்டிபிஷியல்’ என்பதன் சுருக்கம். அதாவது செயற்கைப் பட்டு. 1924இல் ரேயோன் என்ற பெயர் வரும்வரை அந்த நூலை அப்படித்தான் அழைத்தார்கள். இப்போது பொலியெஸ்டரும் அதே பெயரில் விற்பனையாகிறது.

ரேயோனைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ரேயோன் விலைக்கு, ரேயோன் என்று சொல்லி விற்றால் அது நல்ல துணி. பட்டின் விலைக்கு அதை வாங்கி வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டு ஒரு புரதம். பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கட்டும் கூட்டிலிருந்து பல நூறு மீற்றர் நீளமான இழை வருகிறது. அந்த இழை அறுபடாமல் வரவேண்டும் என்பதற்காகக் கூட்டை உயிரோடு வெந்நீரில் இடுகிறார்கள். ரேயோனோ செலுலோசு. மரக்கூழை சோடியமைதரொட்சைட்டு, காபனிருசல்பைட்டு ஆகியவற்றைக் கொண்டு கரைசலாக்கி, நுண்துளைகள் வழியே அமிலத்துக்குள் செலுத்தி நூலாக்குகிறார்கள். பருத்தியும் செலுலோசுதான். எனவே ரேயோன் பார்வைக்குத்தான் பட்டு, உறவுமுறையில் பருத்தியின் தங்கை. புழுவைக் கொல்லாத துணி என்று ரேயோனைப் புகழ்வோரும் உண்டு. காபனிருசல்பைட்டு நரம்புகளைத் தாக்கும் நஞ்சு என்பதையும், அதைச் சுவாசித்து நோயுற்ற ஆலைத் தொழிலாளர்களையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நமது வெயிலுக்கு எது பொருந்தும்? வியர்வை பட்டால் பட்டில் கறை படியும், நிறம் மங்கும். ஒவ்வொரு முறையும் சலவைக்குக் கொடுக்கவும் வேண்டும். ரேயோன் வியர்வையை உறிஞ்சும், குளிர்ச்சியாக இருக்கும், மடிப்பு அழகாக விழும். சோல், அபாயா, வீட்டுச் சட்டை எல்லாவற்றுக்கும் ஏற்றது. ஆனால் நனைந்தால் அதன் வலிமை பெருமளவு குறைந்துவிடும். ஜீன்ஸைப் பிழிவதுபோல் முறுக்கிப் பிழிந்துவிட்டு, “துணி சரியில்லை” என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. முதற் சலவையில் சுருங்கவும் கூடும் என்பதால் சற்றுத் தாராளமாகத் தைப்பது நல்லது. பட்டும் நனைந்தால் பலம் குறையும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. கவனமாக வைத்தால் உம்மாவின் கலியாணச் சாரியை மகளும் உடுக்கலாம். ரேயோனிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

நமக்கு இதில் மார்க்க விடயமும் உண்டு. பட்டு ஆண்களுக்குத் தடுக்கப்பட்டது, பெண்களுக்கு ஆகுமானது. அந்தத் தடை பட்டுப்புழுவின் பட்டுக்கே உரியது, செயற்கைப் பட்டுக்கு அல்ல என்று உலமாக்கள் விளக்கியுள்ளனர். ஆகவே மாப்பிள்ளைக்கு ஷேர்வானி எடுக்கப் போகும் உம்மாமாருக்கு, “சில்க்” என்ற ஒற்றைச் சொல் போதாது. எந்த நூல் என்று கேட்டே ஆகவேண்டும். சொல்வது கடைக்காரரின் கடமை. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸை நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். நனைந்த தானியத்துக்கும் பெயர் மாற்றிய நூலுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வசதி இருந்தால் கலியாணத்துக்கு ஒரு நல்ல பட்டு எடுக்கட்டும். கடன்பட்டு எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். பெருநாளுக்கு வீட்டில் நான்கு பேருக்கு உடுப்பு எடுக்கும் வாப்பாவுக்கு ரேயோனே போதும், அதைச் சொல்ல நாம் வெட்கப்படத் தேவையில்லை.

சந்தேகமிருந்தால் துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு தீயில் காட்டிப் பாருங்கள். தலைமுடி கருகும் வாசம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் பட்டு. கடதாசி எரியும் வாசம் வந்தால் ரேயோன். உருகிக் கெட்டியான மணிபோல் உருண்டால் அது பொலியெஸ்டர். பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போகலாம்.