அசையாத ஸ்டியரிங்

இரண்டு மழைக்காலம் கொட்டகையில் நின்றுவிட்ட மாமாவின் பழைய மாஸே பெர்குசன் 1035-ஐப் போன மாதம் குப்பனூரில் வெளியே எடுக்கப் பார்த்தோம். எஞ்சின் கிளம்பிவிட்டது. ஸ்டியரிங்தான் இரண்டு பேர் பிடித்து இழுத்தும் அசையவில்லை.

"வண்டியை நகர்த்திக்கிட்டே திருப்பலாம் மாமா" என்றேன். பட்டறைப் பெரியவர் கையமர்த்தினார். "வேண்டாம் கண்ணு. எங்க புடிச்சிருக்குன்னு பாக்காம பலத்தைக் காட்டுனா ஸ்டியரிங் பெட்டிக்குள்ள பல்லு போயிடும்."

ஜாக்கி வைத்து முன் அச்சைத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்தார். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியைக் கழற்ற வேண்டும். அதன் முனையை மரையில் அடித்தால் மரை நசுங்கிவிடும். அதனால் முனை மாட்டியிருந்த காதின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைகொடுத்து, மறுபக்கம் இன்னொன்றால் போட்டார். மூன்றாவது அடியில் முனை தானாக விழுந்தது. இப்போது ஸ்டியரிங் லேசாகச் சுற்றியது, பெட்டியில் பழுதில்லை. வலது சக்கரம் கையாலேயே திரும்பியது. இடதுதான் கல்லாக நின்றது. சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின், தன் புஷ்ஷுக்குள் பிடித்துக்கொண்டிருந்தது.

சேற்றுழவில் முன் சக்கரம் நீரில் முழுகும். கிரீஸ் காய்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. கிரீஸ் நிப்பிளும் மண்ணேறி அடைத்திருந்தது.

நிப்பிளைக் கழற்றி, கம்பியால் குத்தி, டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டார். காலையில் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிக்கூட்டை மட்டும் கேஸ் வைத்துச் சூடேற்றினார். 30 மில்லிமீட்டர் துளை 200 டிகிரி சூடேறினால் 0.07 மில்லிமீட்டர் விரியும். அது போதும். சக்கரத்தை விரல்கடை இந்தப் பக்கம், விரல்கடை அந்தப் பக்கம் என்று ஆட்டினார். அவசரமே இல்லை. மதியம் முழுத் திருப்பம் வந்தது. பின்னை உருவிப் பார்த்தால் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி ஊரெல்லாம் விற்ற வண்டி; அதனால் புது புஷ் சேலத்திலேயே கிடைத்தது.

அன்றைக்கு நான் சொன்னபடி இழுத்துத் திருப்பி ஓட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் பதறுகிறது. கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதை எங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. வளைவில் திரும்பிய சக்கரம் நேராக வராமல் நின்றுவிட்டால், பின்னால் டிரெய்லர் பாரம் தள்ளும்போது யாராலும் வண்டியைப் பிடிக்க முடியாது.

டிராக்டர் வைத்திருப்பவர்களே, சேற்றுழவு முடிந்த அன்றே முன் அச்சை ஜாக்கியில் தூக்கிக் கிரீஸ் அடியுங்கள். பாரம் இறங்கினால்தான் கிரீஸ் உள்ளே முழுக்கப் போகும். கறுத்த பழசு வெளியேறி, புதுசு எட்டிப்பார்க்கும்வரை கிரீஸ் கன்னை விடாதீர்கள்.