பெரியாற்றுக்கு நாம் அயலாரா?

எர்ணாகுளத்திலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் தமிழன்பர் இருவர் கூடிப் பெரியாற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு முல்லைப் பெரியாற்று அணையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. இதில் வியப்பில்லை. 1895ஆம் ஆண்டு பென்னிகுவிக் கட்டி முடித்த அவ்வணையின் நீரால் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வயல்கள் விளைகின்றன. நம்முட் பலருடைய பூர்விக ஊர்கள் அம்மாவட்டங்களில் உள்ளன. அந்நீரின் பங்கைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. கிழக்கே திரும்பும் நீரின் அளவுக்காக வழக்காடும் உரிமை நமக்கு உண்டென்றால், மேற்கே நம் வீட்டுக்கு வரும் நீரின் தூய்மைக்காக வழக்காடும் கடமை நமக்கு இல்லையா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து 244 கிலோமீட்டர் நடக்கும் பெரியாறு கேரளத்தின் மிக நீண்ட ஆறு. யவன வணிகர் மிளகு தேடி வந்த முசிறித் துறை இதன் கழிமுகத்தில் இருந்தது. அகநானூறு அதனை அறியும். 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பழைய துறையைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்பர். அங்ஙனமாயின், நாம் பிழைக்க வந்த துறைமுகமே பெரியாறு ஈன்ற பிள்ளை. எர்ணாகுளத்தார் அருந்தும் குடிநீரின் பெரும்பகுதி ஆலுவாவில் இந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. நாம் சந்தையில் பேரம் பேசி வாங்கும் கரிமீனும் இறாலும் இந்த ஆறு கலக்கும் காயல்களில் வளர்பவை.

ஆலுவாவைக் கடந்து ஆறு கீழிறங்கும் இடத்தில் ஏலூரும் எடையாறும் உள்ளன. திருவிதாங்கூர்த் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரின் ஊக்கத்தால் சேஷசாயி சகோதரர் 1943இல் நிறுவிய பாக்ட் உர நிறுவனம், 1947இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. அதில் தமிழர் கைவண்ணம் உண்டென்று பெருமைப்படுவோர் நம்மிடையே உளர். பெருமைப்படட்டும். ஆனால் பெருமையில் பங்கு கேட்போர் பொறுப்பிலும் பங்கு கொள்ளல் வேண்டும். உரத்தைத் தொடர்ந்து காஸ்டிக் சோடா, பூச்சிமருந்து, துத்தநாகம் என ஆலைகள் பெருகி, அவற்றின் எண்ணிக்கை 200ஐக் கடந்தது. குடிக்க நீர் தந்த ஆறு, ஆலைகளுக்குக் கழிவுநீர் வாய்க்காலாகவும் ஆக்கப்பட்டது.

விளைவு என்ன? டி.டி.டி.யும் எண்டோசல்பானும் உற்பத்தியான ஏலூரில், குழிக்கண்டம் தோடு என்னும் ஓடையின் சேற்றை 1999இல் கிரீன்பீஸ் அமைப்பு ஆய்ந்தது. 100க்கும் மேற்பட்ட கரிமச் சேர்மங்கள் அச்சேற்றில் காணப்பட்டன; டி.டி.டி. அவற்றுள் ஒன்று. 2004இல் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழுவினர் ஏலூருக்கு நேரிலேயே வந்து பார்த்தனர். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று குறித்த 43 தொழிற்பகுதிகளுள் கொச்சியும் ஒன்று.

இவ்வளவு நடந்த பின்னரும் 2024 வந்தது. அவ்வாண்டு மே 20ஆம் நாள் இரவு பெரியாற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை நாம் அறிதல் வேண்டும். கோடையில் கடலின் உப்புநீர் மேலேறாதபடி பாதாளம் என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே கதவணை உள்ளது. கதவுகள் மூடிய காலத்தில் ஆறு ஓட்டமின்றித் தேங்குகிறது. கழிவு அடியில் படிகிறது. மழை வந்து கதவுகளைத் திறந்ததும் தேங்கியதெல்லாம் ஒருசேரக் கீழே பாய்கிறது. கடன் வாங்கிக் கூண்டுகளில் மீன் வளர்த்த வராப்புழை, கடமக்குடிப் பகுதி ஏழைகளின் முதல் ஓரிரு நாளில் அழிந்தது. செத்த மீன்களை ஏலூரிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தின் முன் கொட்டி மக்கள் முறையிட்டனர்.

நீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றது வாரியம். அமோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் உயிர்கொல்லும் அளவில் இருந்தன என்றது கேரள மீன்வளப் பல்கலைக்கழகம். ஆக்சிஜன் ஏன் குறைந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது, கழுத்து நெரிக்கப்பட்டவனுக்கு 'மூச்சு நின்றதால் மரணம்' என்று சான்றிதழ் எழுதுவதை ஒக்கும். கோப்புகளிடையே பணிபுரியும் நாம் ஒன்றை அறிவோம்: இரு துறைகளின் அறிக்கைகள் முரண்பட்டால் கோப்பு நகராது, கோப்பு நகராவிடில் குற்றவாளிக்கு நிம்மதி. நீர்மாசுத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது 1974இல். சட்டத்துக்குப் பொன்விழா நிறைந்த ஆண்டில் ஆறு மீன்களின் இடுகாடாயிற்று.

"இது மலையாளிகளின் ஆறு, வந்தேறிகளான நமக்கு ஏன் வம்பு?" என்று நம்மிற் சிலர் கூறுவர். இக்கூற்று பணிவு போலத் தோன்றினும் பணிவன்று. பொறுப்பைத் தட்டிக்கழித்தலே ஆகும். ஃபோர்ட் கொச்சியின் தோபிக்கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுப்போர் தமிழ் வண்ணார் குடும்பத்தினர். நம் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் மலையாளம் படிக்கின்றனர்; இங்கே ரேஷன் அட்டையும் வாக்குச்சீட்டும் பெற்றோர் நம்மில் பலர். நஞ்சு, குடிப்பவனின் தாய்மொழியைக் கேட்டுக் குடலில் இறங்குவதில்லை. உண்ணும் ஊருக்கு உழைக்க உரிமையுண்டு, உரைக்க உரிமையில்லை என்பது எந்த நாட்டு நியாயம்?

"ஆலைகள் சோறு போடுகின்றனவே" என்பது அடுத்த வாதம். நம் உறவினர் பலர் அவ்வாலைகளில் கூலி பெற்றதால் இதற்கு மதிப்புடன் விடை கூறவேண்டும். எடையாற்றுத் துத்தநாக ஆலை 2014இல் மூடப்பட்டது. தொழிலாளர் சம்பளம் நின்றது. ஜரோசைட் என்னும் கழிவுக் குவியலோ ஆலை மூடிய பின்னும் அங்கே கிடந்தது. ஆலை தரும் சோறு ஒரு தலைமுறைக்கு. அது விட்டுச்செல்லும் நஞ்சு பல தலைமுறைக்கு. ஆலையே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கழிவைச் சுத்திகரிக்கும் செலவும் ஆலையின் செலவே. அதனை மீனவன் தலையிலும் குடிநீர் அருந்துவோன் தலையிலும் சுமத்தலாகாது என்றே கூறுகிறோம்.

இதனை மலையாளிகள்மேல் தமிழர் சுமத்தும் பழியாக எவரும் எண்ண வேண்டா. நம் தாயகத்தின் கணக்கும் கறைபடிந்ததே. தோல் பதனிடும் ஆலைகளால் பாலாறு கெட்ட வழக்கில்தான், மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியது. பாசனத்துக்கென நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாயிற்று. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது திருப்பூர் அழிந்தது என்று பலர் ஒப்பாரி வைத்தனர். தொழிலாளர் துன்புற்றது உண்மையே. எனினும் கழிவை வெளிவிடாத முறைக்கு ஆலைகள் மாறின. பின்னலாடை ஏற்றுமதி பின்னர் வளரவே செய்தது. திருப்பூரில் இயன்றது ஏலூரில் ஏன் இயலாது?

ஆலையின் பின்னே சாலை வருகிறது. களமசேரியிலிருந்து வல்லார்பாடம் துறைமுக முனையத்துக்குச் செல்லும் கண்டெய்னர் சாலையில் இன்று விரைந்து செல்கிறோம். அச்சாலைக்கும் இரயில் பாதைக்குமாக 316 குடும்பங்கள் வீடிழந்தன. 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. பெயர்க்கப்பட்டோர் மறுவாழ்வுக்காகப் பல்லாண்டு அலைந்தனர். பொக்காளி நெல்லும் இறாலும் மாறிமாறி விளையும் சதுப்புநிலங்களில் மண் கொட்டப்பட்டது. வெள்ளம் தங்கும் இடத்தைத் தூர்த்துவிட்டு, வெள்ளம் வீட்டுக்குள் வந்தது என்று அழுவதில் பயன் யாது? ஊர்விட்டு ஊர் வந்தோரின் துயரத்தை அறிந்த நாமன்றோ மூலம்பிள்ளி மக்களுக்காக முதலில் பேசவேண்டியவர்?

ஆகவே, நம் சங்கங்கள் விழா எடுப்பதோடு நில்லாமல் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றல் வேண்டும். முதலாவது, ஒவ்வோர் ஆலையும் வெளிவிடும் நீரின் சோதனை முடிவு மக்கள் காணுமாறு நாள்தோறும் ஏலூரிலும் ஆலுவாவிலும் வெளியிடப்படல் வேண்டும். இரண்டாவது, நீரைச் சோதிக்காமலும் மீனவர்க்கு முன்னறிவிப்புத் தராமலும் பாதாளம் கதவணையைத் திறக்கலாகாது. மூன்றாவது, மீனவர்க்குரிய இழப்பீடு மாசு செய்தோரிடமிருந்தே பெறப்படல் வேண்டும். நாம் கட்டும் வரிப்பணத்திலிருந்தன்று. இத்தீர்மானம் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்பட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், வார்டு உறுப்பினர் முதல் சட்டமன்ற உறுப்பினர் வரை நம் வாக்கைக் கேட்டு வருவோர் அனைவருக்கும் அனுப்பப்படல் வேண்டும். ஏலூர் மக்கள் கூடும் போராட்டக் கூட்டங்களில் நம் சங்கத்தின் சார்பிலும் இருவர் அமர்ந்திருக்க வேண்டும்.

முல்லைப் பெரியாற்றில் நம் பங்கைக் கேட்கும் குரலுக்கு அப்போதுதான் அறத்தின் வலிமை கூடும். ஆற்றின் நீரில் பங்கு கேட்போர், ஆற்றின் நோயிலும் பங்கு கொள்ளட்டும்.