திருப்பிக் கொடுத்த வழக்குகள்
மறைந்த வழக்கறிஞர் ஃபாலி நாரிமனைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் வாதாடிய வழக்குகளின் பட்டியல்தான் நீள்கிறது. எனக்கோ அவர் விலகிக்கொண்டவையே முக்கியமாகப் படுகின்றன. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்ததும் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை உதறினார். 1998இல் குஜராத்தில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டபோது, நர்மதை வழக்கில் அந்த அரசுக்காக ஆஜராவதைக் கைவிட்டார். 2016இல், உச்ச நீதிமன்ற உத்தரவை மீறிக் காவிரி நீரைத் திறக்காத கர்நாடகத்துக்காக வாதாட மறுத்தார் (அத்தனை காலம் அதற்காகத் தமிழ்நாட்டுக்கு எதிராக நின்றவர் அவர்). அப்படியானால் போபால் விஷவாயுக் கசிவு வழக்கில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பக்கம் நின்றது? யாருக்கும் வக்கீல் கிடைக்காமல் போகக் கூடாது என்பார்கள். சரிதான், ஆனால் அது நாதியற்றவனைக் காக்கவேண்டிய நியாயம். எத்தனை வக்கீலையும் அமர்த்திக்கொள்ள வசதியுள்ள பன்னாட்டு நிறுவனத்துக்கு அது எதற்கு? 1989இல் 47 கோடி டாலர் இழப்பீட்டோடு அந்தக் கணக்கு முடிக்கப்பட்டது. மறுபடி வாய்ப்பு வந்தால் அந்த வழக்கை ஏற்க மாட்டேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். அரசுப் பதவியை உடனே தூக்கியெறியத் தெரிந்தவருக்கு இதை உணர ஆண்டுகள் பிடித்தன என்பதைப் புகழஞ்சலிகள் மறைக்கக் கூடாது.