ஆதார் ஜெராக்ஸும் அடுத்த சீசன் டிசைனும்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனிக்குள் போனால் சாம்பிள் ரூம் கதவு சாத்தியே இருக்கும். அடுத்த சீசனுக்கு பையர் அனுப்பிய டிசைன் உள்ளே இருக்கிறது. யாராவது போனை எடுத்துப் படம் பிடித்தால் அன்றோடு வேலை போய்விடும். மீந்துபோன பிராண்டு லேபிளைக்கூட எண்ணி அழித்த பிறகுதான் ஆர்டர் கணக்கை முடிப்பார்கள். வாங்குகிறவரின் ரகசியத்தைக் காப்பதில் எங்கள் பகுதி முதலாளிகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதே கம்பெனியின் ஆபீஸ் அறையில் ஆதார் ஜெராக்ஸ் கட்டு திறந்த அலமாரியில் கிடக்கும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் பெயர், முகம், பிறந்த தேதி, ஊர், 12 இலக்க எண் எல்லாம் அதில் உண்டு. ஒரு மாலை நான் அங்கே இருந்தபோது போன் வந்தது. "ஸ்டேஷன்ல இருந்து பேசறோம், வெளிமாநில ஆளுங்க லிஸ்ட் வேணும்." ஆபீஸ் பையன் கட்டைப் பிரித்து மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினான். ட்யூப்லைட் வெளிச்சம் எண்ணை மறைக்காதபடி தாளைச் சாய்த்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தான். பேசியவரின் பெயர் என்ன, எந்த வழக்கு, படங்கள் யார் யார் போனுக்குப் போகும், எதையும் கேட்கவில்லை. நான் ஓனரைப் பார்த்தேன். "போலீஸ் கேட்டா குடுக்காம இருக்க முடியுங்களா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியவர்கள் பலர். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்து தொழிலாளர்களிடம் பேசியது. அப்படிப்பட்ட நாளில் எந்த லைன் வீட்டில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று காவல்துறைக்குத் தெரிந்திருப்பது அந்தத் தொழிலாளர்களுக்கே பாதுகாப்பு. 2025 ஜனவரியில் பல்லடம் பக்கம் உரிய ஆவணமின்றித் தங்கியிருந்த வங்கதேசத்தவர்கள் கைதானார்கள். போலி ஆதாரும் அப்போது பேச்சானது. ஆனால் போலி அட்டையை ஜெராக்ஸ் எடுத்தாலும் அது அசல் மாதிரிதான் தெரியும். அட்டையிலுள்ள கியூஆர் கோடை வேலைக்குச் சேரும் அன்றே ஸ்கேன் செய்து பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் நூறு பேரின் நகலை அனுப்புவதால் யாருடைய பாதுகாப்பு கூடுகிறது?

கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா என்ற ஓனரின் கேள்வியைப் பெரிய கம்பெனிகள் நீதிமன்றத்தில் நின்று சந்திக்கின்றன. 2016-இல் அமெரிக்காவில், 14 பேரைக் கொன்ற சான் பெர்னார்டினோ தாக்குதலில் ஈடுபட்டவரின் ஐபோனைத் திறக்க உதவும்படி ஆப்பிளுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு போனுக்காகச் செய்யும் சாவி எல்லாப் போனையும் திறந்துவிடும் என்று அப்போது ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் வெளிப்படையாகவே மறுத்தார். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018-இல், சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கேட்டு மனு வந்தது. வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற விவாதமாக அது வளர்ந்தது. முடியும் என்று ஐஐடி பேராசிரியர் காமகோடி வழி சொன்னார். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் அதைக் கட்டாயமாக்கின. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது.

அவர்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். நாற்பது மெஷின் போட்ட ஓனருக்கும், பஸ் ஸ்டாப்பில் சிம் கார்டு விற்கிற கடைக்காரருக்கும் யாரும் இல்லை. இருந்தாலும் சட்டம் அவர்களைக் கைவிடவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவின்படி, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் கேட்கலாம். அப்படிக் கேட்டால், அதில் சொன்ன நேரத்தில் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு குற்றம், ஒரு சந்தேக நபர், ஒரு கடிதம் என்று வந்தால் தயங்குகிற முதலாளியை நான் ஆதரிக்க மாட்டேன். போனில் காதில் விழுந்த சொல்லை நம்பி, எந்தத் தப்பும் செய்யாத மொத்த ஆட்களின் விவரத்தையும் அள்ளிக் கொடுப்பதைத்தான் தவறு என்கிறேன். புட்டசாமி வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் உறுதி செய்த அந்தரங்க உரிமை லைன் வீட்டில் தங்கியிருப்பவருக்கும் உண்டு.

கொடுத்த விவரம் கொடுத்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்திலேயே ஊடுருவல் நடந்தது. ஆபீஸ் பையனின் சொந்தப் போனில் தங்கிவிட்ட படங்களுக்கு யார் பொறுப்பு? அவன் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான், படங்களும் கூடவே போகும். அந்த எண்களை வைத்து யாரோ கடன் வாங்கினால், அலைக்கழியப்போவது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு செக்கிங் பெண்.

திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவும் மாநகரக் காவல் ஆணையரோடு உட்கார்ந்து ஒரே ஒரு பக்கப் படிவத்தை முடிவு செய்யலாம். கேட்கும் அதிகாரியின் பெயர், காவல் நிலையம், வழக்கு எண் அல்லது காரணம், யாருடைய விவரம் வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். பதில் வாட்ஸ்அப்பில் போகாமல் நிலையத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்குப் போகட்டும். வெறும் தலைக்கணக்குக்கு ஆதார் எண்ணே தேவையில்லை. அப்படியே அட்டை வேண்டுமென்றாலும், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் அட்டையை ஆதார் ஆணையமே தருகிறது. அதை டவுன்லோடு செய்யத் தெரியாத தொழிலாளிக்குக் கம்பெனி ஆபீஸிலேயே எடுத்துக் கொடுக்கலாம்.