உப்புநீரில் ஒரு துண்டு

நாள்பட்ட மார்பக அழற்சியில் திசு அறிக்கை ‘கிரானுலோமா’ (அழற்சி அணுக்களின் முடிச்சு) என்றதுமே காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கையில் அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் 1972-இல் கெஸ்லரும் வோலோக்கும் விவரித்த, காரணம் பிடிபடாத அழற்சியும் நுண்ணோக்கியில் பெரும்பாலும் இதே முகத்தைத்தான் காட்டுகிறது. அதற்கு ஸ்டீராய்டு உதவும். காசநோய்க்கு அதை மட்டும் கொடுத்தால் கிருமி பெருகும். ஆகவே மருந்துக்கு முன் திசுவில் கிருமியைத் தேட வேண்டும். மரபணுச் சோதனையில் கிருமி சிக்காமல் போகலாமே என்பார்கள். உண்மைதான், மார்பகத் திசுவில் கிருமிகள் சொற்பம். அதனாலேயே வளர்ப்புச் சோதனையும் சேர்ந்து வேண்டும். எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும்; பிறகு வளர்க்க முடியாது. தனியார் மருத்துவமனையோ அரசு மருத்துவமனையோ, எங்கானாலும் ஊசியை எடுக்கும் முன்பே ஒரு துண்டு உப்புநீருக்கு என்று மருத்துவர் முடிவுசெய்திருக்க வேண்டும்.