சைக்கிளைப் பூட்டாதீர்கள், மாற்றுங்கள்

“வயசாயிடுச்சு தாத்தா, இனிமே சைக்கிள் வேண்டாம்.”

சிங்கப்பூரில் பல வீடுகளில் ஒருநாள் இப்படிச் சொல்லிவிடுகிறோம். அக்கறையோடுதான் சொல்கிறோம். அதன்பிறகு புளோக்கின் கீழே பூட்டிய சைக்கிள் அங்கேயே நிற்கிறது. டயரில் காற்று இறங்குகிறது, செயின் துருப்பிடிக்கிறது. ஈரச்சந்தைக்கும் காப்பிக்கடைக்கும் தாமாகவே போய்வந்த மனிதர், யாராவது துணைக்கு வரட்டும் என்று காத்திருக்கத் தொடங்குகிறார்.

இந்த முடிவைப் பெரும்பாலும் அவசரப்பட்டே எடுக்கிறோம் என்பது என் கருத்து. தாத்தா ஒருமுறை தடுமாறினால் பழி முழுவதையும் அவர் வயதின்மேல் போடுகிறோம். சைக்கிளை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பார்வை மங்கினால் அவர் கையிலிருந்து நாளிதழைப் பிடுங்கிக்கொள்வோமா? கண்ணாடி வாங்கித் தருவோம். சைக்கிளுக்கும் அதே நியாயம் பொருந்தும். உடல் மாறும்போது கருவியும் மாறவேண்டும். எதை மாற்றுவது என்பதற்கு நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலே போதும்.

உடலில் என்ன மாறுகிறது?

வயது கூடும்போது தசை மெல்ல மெல்லக் குறைகிறது. ஆனால் எல்லாத் தசை நார்களும் ஒரே அளவில் குறைவதில்லை. திடீரென்று பலமாக உந்த உதவும், வேகமாகச் சுருங்கும் நார்களே அதிகம் மெலிகின்றன. நெடுநேரம் மெதுவாக உழைக்கும் நார்கள் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. அதனால்தான் ஒரு மணி நேரம் நிதானமாக மிதிக்கக்கூடிய முதியவர், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் இரண்டு மிதியில் தடுமாறுகிறார்.

இடுப்பு மூட்டு முன்போல வளையாது. கழுத்து முழுதாகத் திரும்பாது. கண்ணின் பாவை சுருங்குவதால் மாலை வெளிச்சத்தில் பார்வை தெளிவாக இருக்காது. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இவற்றில் எதுவும் ‘இனி சைக்கிள் ஓட்ட முடியாது’ என்று சொல்லவில்லை. ‘இந்தச் சைக்கிளை இப்படி ஓட்ட முடியாது’ என்றுதான் சொல்கின்றன.

ஏறுவதிலும் இறங்குவதிலும்

ராலே போன்ற பழைய கறுப்புச் சைக்கிள்களை நினைத்துப் பாருங்கள். பெரிய 28 அங்குலச் சக்கரம், உயரமான குறுக்குக் கம்பி, கனமான எஃகு பிரேம். அதில் ஏற, ஒரு காலில் நின்றுகொண்டு மறு காலைப் பின்புறமாகச் சுழற்றி வீசவேண்டும். 25 வயதில் அது ஒரு ஸ்டைல். 75 வயதில் அது ஒற்றைக்காலில் சமநிலைப் பரீட்சை.

தீர்வு எளியது. குறுக்குக் கம்பி தாழ்ந்த பிரேம். காலைச் சற்றே தூக்கி உள்ளே வைத்தால் போதும். ஆனால் பல தாத்தாக்கள் அதைத் தொடமாட்டார்கள். ‘அது லேடீஸ் சைக்கிள்’ என்பார்கள். பாவாடை அணிந்த பெண்களுக்காக வந்த வடிவம் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இடுப்பு மூட்டுக்கு ஆண், பெண் என்ற பேதம் தெரியாது. இந்தக் கூச்சத்தைப் போக்கும் வேலையைப் பேரப்பிள்ளைகளான நீங்கள்தான் செய்யமுடியும்.

நம் பூங்கா இணைப்புப் பாதைகளில் முதியவர்கள் பலர் சிறிய சக்கரமுள்ள மடக்குச் சைக்கிளில் போவதைப் பார்த்திருப்பீர்கள். பிரேம் தாழ்வாக இருக்கும், ஏறுவது சுலபம், மின்தூக்கிக்குள்ளும் அடங்கும். ஆனால் சிறிய சக்கரம் பாதையின் மேடுபள்ளத்தை அதிகமாக உணர்த்தும். அறிவியலில் எந்த வசதியும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

மிதிப்பதில்

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கியர் இல்லாத ஒரு பழைய சைக்கிளின் முன்பற்சக்கரத்தில் 46 பற்கள், பின்பற்சக்கரத்தில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 46 ÷ 18, அதாவது ஏறத்தாழ 2.56 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 5.6 மீட்டர் நகர்கிறது.

நடைபாதையில் நமக்குள்ள வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இந்தச் சைக்கிளின் பெடல் நிமிடத்துக்குச் சுமார் 30 முறைதான் சுற்றும். சுற்று குறைவு என்றால் ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் அதிகம் என்று பொருள். அந்தப் பாரம் நேராக முழங்காலுக்குப் போகிறது.

ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936ல் கொண்டுவந்த மூன்று கியர் ஹப்பில், தாழ்ந்த கியர் வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்கிறது. ஒரு சுற்றுக்கு 5.6 மீட்டருக்குப் பதில் 4.2 மீட்டர். அதே மேட்டில் ஏறச் செய்யவேண்டிய வேலை மாறவில்லை. ஆனால் அது அதிகமான சுற்றுகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு மிதியிலும் தேவைப்படும் விசை முக்கால் பங்காகிறது. திடீர் பலம் குறைந்து, நிதானமான உழைப்பு மிஞ்சியிருக்கும் கால்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

இருக்கையைத் தாழ்த்துவதில் மட்டும் கவனம் தேவை. தாழ்த்தினால் இரு பாதமும் தரையில் படும், பயம் தெளியும். ஆனால் மிதிக்கும்போது முழங்கால் அதிகமாக மடங்கி வலிக்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே, பெடலை இருக்கைக்குச் சற்று முன்னால் தள்ளி வைத்த சைக்கிள்கள் வந்துள்ளன. அவற்றில் பாதமும் தரையைத் தொடும், காலும் நீளும்.

உட்கார்வதிலும் நிற்பதிலும்

பந்தயச் சைக்கிளோட்டிகள் குனிந்து ஓட்டுவது காற்றின் எதிர்ப்பைக் குறைக்கத்தான். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதையே திருப்பிப் பாருங்கள். மணிக்கு 24 கிலோமீட்டருக்குப் பதில் 12 கிலோமீட்டரில் போனால் எதிர்ப்பு கால்பங்குதான். ஆகவே நிதானமாகப் போகும் முதியவர் நிமிர்ந்து உட்கார்வதால் பெரிதாக எதையும் இழப்பதில்லை. முதுகு நோகாது, சாலையும் நன்றாகத் தெரியும். திரும்பாத கழுத்துக்கு, கைப்பிடியில் ஒரு கண்ணாடி உதவும்.

அகலமான டயரும் அப்படித்தான். தாத்தாவும் சைக்கிளும் சேர்ந்து 800 நியூட்டன் எடை என்போம். டயரில் 400 கிலோபாஸ்கல் அழுத்தம் இருந்தால், இரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். அகலமான டயரில் 250 கிலோபாஸ்கல் போதும். அப்போது பரப்பு 32 சதுர சென்டிமீட்டராகிறது. டயர் மெத்தையாகி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது.

பிரேக்கை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. பழைய சைக்கிள்களின் ரிம் பளபளக்கும் எஃகு. மழையில் நனைந்தால் எஃகின்மேல் ரப்பர் கட்டைக்கு உராய்வு வெகுவாகக் குறைந்துவிடும். அடிக்கடி மழை கொட்டும் நம் ஊரில் இது வேடிக்கையல்ல. அலுமினிய ரிம் மேலானது, டிஸ்க் பிரேக் அதனினும் மேலானது. அழகான பழைய சைக்கிளை வைத்துக்கொண்டே சக்கரங்களையும் பிரேக்கையும் புதிதாகப் போட்டுக்கொள்வோர் இருக்கிறார்கள். நினைவும் மிஞ்சுகிறது, உயிருக்கும் பாதுகாப்பு.

மூன்று சக்கரமும் மோட்டாரும்

மேட்டில் எவ்வளவு மெதுவாக ஏறினாலும் ஓர் எல்லை உண்டு. வேகம் மிகவும் குறைந்தால் சைக்கிள் ஆடத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, மூன்று சக்கரச் சைக்கிள். நின்றாலும் விழாது, கூடையில் காய்கறியும் வைக்கலாம். ஆனால் இரு சக்கரச் சைக்கிள் திருப்பத்தில் உள்பக்கம் சாயும், இது சாயாது. வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கமாகக் கவிழும். இதைச் சொல்லாமல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மற்றொன்று, மின்-சைக்கிள். 70 கிலோ மனிதரும் 20 கிலோ சைக்கிளும், 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏற, அந்த ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 100 வாட் தேவை. மோட்டார் பாதியைச் சுமந்தால் மனிதருக்கு 50 வாட். சிங்கப்பூர் விதிப்படி அந்த மோட்டார் 250 வாட்டைத் தாண்டக்கூடாது, மிதித்தால்தான் இயங்கவேண்டும், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடவேண்டும். சைக்கிளைப் பதிவு செய்யவேண்டும், ஓட்டுபவர் கோட்பாட்டுத் தேர்வில் தேறவேண்டும், நடைபாதையில் ஓட்டக்கூடாது. எதை வாங்குவதானாலும் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்துக் காட்டுங்கள்.

அபாயம் இல்லையா?

இருக்கிறது. முதிய எலும்பு எளிதில் முறியும், மெதுவாகக் கூடும். சில மருந்துகள் தலைசுற்றலைத் தரும். சைக்கிள் இதயத்துக்கு நல்லது என்றாலும், நடப்பதைப்போல எலும்பை வலுவாக்காது. ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டியிருக்கலாம். அந்த நாளை மருத்துவரும் தாத்தாவும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

ஆனால் நிறுத்துவதிலும் அபாயம் உண்டு என்பதை மறக்கிறோம். லண்டன் கிங்ஸ் கல்லூரி, பர்மிங்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 55 முதல் 79 வயது வரையுள்ள 125 சைக்கிளோட்டிகளை ஆராய்ந்து 2018ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களிடம் வயதோடு வரும் தசை இழப்பு காணப்படவில்லை. நோய் எதிர்ப்பு அணுக்களை உருவாக்கும் தைமஸ் சுரப்பியும் இளையோருடையதைப்போல இயங்கியது. இங்கே நீங்கள் கையை உயர்த்திக் கேட்கவேண்டும்: ‘சைக்கிள் ஓட்டியதால் ஆரோக்கியமா, ஆரோக்கியமாக இருந்ததால் ஓட்டினார்களா?’ நல்ல கேள்வி. இந்த ஆய்வு மட்டும் அதற்கு முழு விடை தராது.

பிரான்சின் ரோபேர் மார்ஷான் கதை இன்னொரு துண்டு விடை தருகிறது. அவர் 2012ல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட்டினார். பயிற்சியை மாற்றிக்கொண்டு 2014ல், 102 வயதில், ஏறத்தாழ 27 கிலோமீட்டர் ஓட்டினார். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு அவருக்குச் சுமார் 13 விழுக்காடு கூடியதாக ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஒரே ஒரு மனிதர்தான். என்றாலும் ‘அந்த வயதில் இனி இறங்குமுகம்தான்’ என்ற பேச்சு எல்லாருக்கும் பொருந்தாது என்று காட்ட ஒருவரே போதும்.

நீங்கள் செய்யவேண்டியது

இந்த வார இறுதியில் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: “தாத்தா, எது கஷ்டமா இருக்கு? ஏறுறதா, கிளம்புறதா, திரும்பிப் பாக்குறதா, பிரேக் பிடிக்கிறதா?” ‘ஓட்ட முடியுமா?’ என்று மட்டும் கேட்டால் ‘முடியும்’ என்றோ ‘முடியாது’ என்றோதான் பதில் வரும். பிரித்துக் கேட்டால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும்.

பிறகு கீழே போய்ச் சைக்கிளைப் பாருங்கள். பற்களை எண்ணுங்கள். சக்கரத்தின் சுற்றளவை அளங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். சாவியை வாங்கி வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு அதற்குப் பிறகு நடக்கட்டும். அந்தப் பேச்சில் தாத்தாவும் உட்கார்ந்திருக்கட்டும்.